இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க

"கொடுத்து வைத்தவள்."

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நாத்தனார் சொன்னார். அலுவலகத் தோழி ஒருவர், என்னைவிடச் சத்தமாகப் பெண்ணியம் பேசுகிறவர், அவரும் சொன்னார். "உன்னை இத்தாலிக்கே கூட்டிட்டுப் போயிருக்காரு. இன்னும் என்ன வேணும்?"

அந்தக் 'கூட்டிட்டுப் போயிருக்காரு' என்ற சொல்லில்தான் என் சண்டை தொடங்குகிறது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம். வழி தெரியாத பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மாதச் சம்பளம் வாங்குகிற, தன் விமானச் சீட்டுக்குத் தானே பணம் கட்டிய நாற்பத்தோரு வயதுப் பெண்ணை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? சரி, கூட்டிக்கொண்டு போனதாகவே வைத்துக்கொள்வோம். போன இடத்தில் நீ என்ன பார்த்தாய் என்று இவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பையைப் பார்த்துக்கொண்டேன்.

இணையருக்கு மிலானில் இரண்டு வாரம் அலுவலக வேலை. பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை. அத்தையை, அதாவது இணையரின் அம்மாவை, தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஆக ஐந்து பேர். நடுவில் வந்த சனிக்கிழமை ஃப்ளோரன்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவது. பழைய நகரம் சின்னது, பாதித் தெருக்களில் வண்டி போகக் கூடாது, எல்லாம் நடைதான்.

திட்டம் அவர் போட்டார். அதில் பொய் இல்லை. ஒரு மாதம் முன்பே உஃபீஸி அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்துச் சீட்டு எடுத்தார். பேராலயக் கோபுரத்தில் ஏறுவதற்குத் தனிச் சீட்டு எடுத்தார். கைபேசி வரைபடத்தில் புள்ளிகள் வைத்தார். நான் 'ரெடி' செய்தேன். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், அத்தையின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சின்னவளுக்கு மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில் நான்கு, ஈரத்துடைப்பான், குடை, தேவாலயத்தில் தோளை மூடச் சால்வை, எனக்கு நாப்கின். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். திட்டம் போட்டவரின் பெயர் ஊருக்கே தெரியும், ரெடி செய்தவளின் பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தலைப் புகழ்வார்கள், பாத்திரம் தேய்த்தவளைப் புகழ்ந்து பார்த்திருக்கிறீர்களா?

இதை என் வீட்டுக் குறையாகப் படிக்க வேண்டாம். என் இணையர் நல்லவர். வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். 'கேட்டிருந்தா நானே பையை வாங்கியிருப்பேனே' என்று பிறகு சொன்னார், உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் கேட்பதும் ஒரு வேலை. யாருக்கு எப்போது பசிக்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது, அத்தை எத்தனை படி ஏறுவார் என்று நாள் முழுக்க ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது வேலை. அந்தக் கணக்கு ஓடும் மண்டைக்குள் ஓவியம் நுழையாது. குடும்பச் சுற்றுலாவில் பார்ப்பவர் ஒருவர், மற்றவர்களைப் பார்க்க வைப்பவர் இன்னொருவர். இரண்டாமவர் எப்போதும் பெண். இது மகாபலிபுரத்திலும் உண்மை, குற்றாலத்திலும் உண்மை. ஃப்ளோரன்ஸில் என்ன கூடுதல் என்றால், அந்த ஊரே இந்த ஏற்பாட்டைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்து நடுத்தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறது.

முதலில் உஃபீஸி. போத்திச்செல்லியின் வீனஸ் முன்னால் நூறு பேர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சிப்பியின் மேல் நிற்கும் அவளைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு நெற்றியாகப் பார்த்தேன். எனக்கு அது பெரிய இழப்பு இல்லை. நான் அங்கே போனது வேறொருத்திக்காக. ஆர்தமீஸியா ஜென்டிலெஸ்கி. கல்லூரியில் ஒரு பேராசிரியை கறுப்பு வெள்ளை நகலில் காட்டிய படம். யூதித்து தன் பணிப்பெண்ணோடு சேர்ந்து ஒலோபெரின் என்னும் படைத்தலைவனின் கழுத்தை அறுக்கிறாள். வழக்கமாக ஆண்கள் வரைந்த யூதித்துகள் அருவருத்துக்கொண்டே வெட்டுவார்கள். இவள் முழங்கைவரை பலம் கொடுத்து, ஆட்டுக்கறி வெட்டுகிறவளைப் போல அறுக்கிறாள். பணிப்பெண் ஓரமாக நின்று பை பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவன்மேல் ஏறி அழுத்திப் பிடித்திருக்கிறாள். வரைந்தவளின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1593-இல் ரோமில் பிறந்தவள். பதினேழு பதினெட்டு வயதில், அப்பாவின் சக ஓவியன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளானாள். 1612-இல் நடந்த விசாரணையில், உண்மை சொல்கிறாளா என்று சோதிக்க அவள் விரல்களைத்தான் கயிறு கட்டி இறுக்கினார்கள். வரையும் விரல்கள். பிறகு அவள் ஃப்ளோரன்ஸுக்கு வந்து, குழந்தைகள் பெற்று, இழந்து, 1616-இல் அந்த ஊரின் ஓவியக் கழகத்தில் உறுப்பினர் ஆன முதல் பெண்ணானாள்.

இருபது வருடமாகப் பார்க்க நினைத்த படம். அது இருந்த பகுதிக்கு இரண்டு மூன்று அறை முன்னால் சின்னவள் என் கையை இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு."

கழிப்பறையில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. ஆண்கள் பக்கம் ஈ ஓட்டவும் ஆளில்லை. பெண்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவை, குழந்தையும் பெரும்பாலும் அவர்களோடுதான் வரும், மாதத்தில் சில நாள் இன்னும் கூடுதலாகத் தேவை. இதைக் கணக்கில் எடுக்கக் கட்டடக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை, ஒரு முறை அந்த வரிசையில் நின்றிருந்தால் போதும். அந்த வரிசையில் எல்லா நாட்டு அம்மாக்களும் இருந்தார்கள். எல்லோர் தோளிலும் பை. நான் என் வேலையையும் அவள் வேலையையும் முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது இணையரும் மகனும் வெளிவாசலுக்கு இறங்கியிருந்தார்கள்.

"ஒரு படம் இருந்துச்சு, ரெண்டு பொம்பளைங்க சேந்து ஒரு ஆளோட கழுத்தை அறுக்கறாங்க. ஒரே ரத்தம். பையன் பயந்துட்டான், அதான் சீக்கிரம் வந்துட்டோம்."

மறுபடி மேலே போகலாம் என்று வாய் திறப்பதற்குள் அத்தையின் மாத்திரை நேரம் வந்தது. சின்னவள் பசி என்றாள். நான் பையைத் திறந்தேன்.

உஃபீஸி பற்றி இன்னொரு படம் உண்டு. அது அங்கே இல்லை, இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1770-களில் ராணி சார்லட் ஓவியர் ஸோஃபனியை ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பி, உஃபீஸியின் மிக உயர்ந்த செல்வங்கள் இருந்த 'ட்ரிபூனா' என்ற எட்டுமுக அறையை வரைந்து வரச் சொன்னார். ராணி இத்தாலியைப் பார்த்ததே இல்லை. ஸோஃபனி பல வருடம் உழைத்து வரைந்தார். படத்தில் சுவர் கொள்ளாத ஓவியங்கள், சிலைகள். நடுவில் கூட்டம் கூட்டமாக நின்று பார்க்கிற கனவான்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு கும்பல் தித்சியானோ வரைந்த, ஆடையின்றிப் படுத்திருக்கும் வீனஸைச் சுற்றி நிற்கிறது. இன்னொரு கும்பல் சலவைக்கல் வீனஸின் பின்பக்கத்தை ஆராய்கிறது. அந்த அறையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சட்டத்துக்குள் அல்லது பீடத்தின்மேல் இருக்கிறார்கள். ஆண்கள் பெண்களைப் பார்க்கும் காட்சியைப் பார்க்க ஒரு ராணி காசு கொடுத்து, அதுவும் நகலாக வாங்கியிருக்கிறாள். 'கொடுத்து வைத்தவள்' என்று அவளையும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டு இளைஞர்கள் வருடக்கணக்கில் இத்தாலியைச் சுற்றி 'பண்பட்டு' வந்தார்கள். சில பெண்களும் போனார்கள், ஆனால் அந்த வழக்கம் ஆண்பிள்ளைக்காக ஏற்பட்டது. நாம் இன்றும் நடக்கிற சுற்றுலாப் பாதை அவன் கால்களுக்கு அளவெடுத்தது. அவனுக்குப் பெட்டி தூக்க ஆள் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தந்தால் இதே ஊரில் சாந்தா க்ரோச்சே தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோது அழகின் மிகுதியால் நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாக எழுதிவைத்தார். பின்னாளில் ஃப்ளோரன்ஸின் மனநல மருத்துவர் க்ராத்சியெல்லா மகெரீனி இப்படிக் கலையைக் கண்டு நிலைகுலையும் பயணிகளை ஆராய்ந்து, அதற்கு ஸ்தந்தாலின் பெயரையே வைத்தார். எனக்கும் அன்று நெஞ்சு படபடத்தது. மகன் இரண்டு நிமிடம் கண்ணில் படவில்லை, அதனால்.

உஃபீஸிக்குப் பக்கத்திலேயே சின்யோரியா சதுக்கம். வெயில். நிழல் இருந்தது ஒரே இடத்தில், லோஜ்ஜா என்கிற திறந்த மண்டபத்தில். கோயில் மண்டபம் போல ஜனம் உட்கார்ந்திருந்தது. நாங்களும் போய் உட்கார்ந்தோம். சின்னவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அந்த அக்காவை ஏன் அவங்க தூக்கிட்டுப் போறாங்க? அவங்க அழுவுறாங்க பாரு."

அது ஜாம்போலோன்யா செதுக்கிய சிற்பம், 1583-இல் அங்கே வைக்கப்பட்டது. ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான், அவன் காலடியில் ஒரு கிழவன். மூன்று உடல்களை ஒரே கல்லில் முறுக்கிக் காட்டும் திறமைக்காகச் செய்தார், பெயர்கூடச் செதுக்கிய பிறகுதான் வைத்தார்கள்: சபைன் பெண்களைக் கவர்ந்து செல்லுதல். அதாவது அந்தப் பெண் அலறுவதற்குக் காரணமே பிறகுதான் தேடப்பட்டது. அதற்குப் பின்னால் 1865-இல் வந்த இன்னொரு சிற்பம், இன்னொரு பெண்ணை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போகிறான், தாய் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். முன்வரிசையில் செல்லினியின் வெண்கலம். பெர்சியுஸ் மெதூசாவின் உடம்பின்மேல் நின்றுகொண்டு அவள் தலையை உயர்த்திப் பிடித்திருக்கிறான். கழுத்திலிருந்து வெண்கல ரத்தம் வழிகிறது. மெதூசா யார்? கோயிலுக்குள் வைத்து ஒரு கடவுள் அவளைக் கெடுத்தான், தண்டனை அவளுக்குக் கிடைத்தது. நம் அகலிகை கல்லானாள். இவளோ, தன்னைப் பார்ப்பவர்களைக் கல்லாக்குகிறவள் ஆனாள். பார்வை உள்ள பெண்ணின் கழுத்து போயிற்று.

"அது கலைடா செல்லம்," என்றார் இணையர் மகளிடம்.

கலைதான். நான் மறுக்கவில்லை. அந்தக் கல்லில் அவன் விரல்கள் அவள் தொடையில் பதிந்த இடத்தில் சதை குழிந்திருப்பதைப் பார்த்து நானும் அசந்து நின்றேன். ஆனால் ஆறு வயதுப் பெண் குழந்தை கேட்டது ஒரு நேர்மையான கேள்வி. அவள் அழுகிறாள் என்பதை அங்கே இருந்த நூற்றுக்கணக்கான பேரில் அவள் மட்டும்தான் சொன்னாள்.

அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண் வெற்றிபெற்ற சிற்பமும் உண்டு. தொனாத்தெல்லோவின் யூதித்து. அதே யூதித்து, வாளை ஓங்கியவள். இப்போது அங்கே நிற்பது நகல், அசல் பக்கத்து அரண்மனைக்குள். 1495-இல் மெதிச்சி குடும்பத்தை விரட்டிய குடியரசு, கொடுங்கோலனைக் கொன்றவள் என்று அவளை அரண்மனை வாசலில் நிறுத்தியது. 1504-இல் மைக்கேலாஞ்சலோவின் தாவீது தயாரானபோது எங்கே வைப்பது என்று ஊரின் பெரிய கலைஞர்களை எல்லாம் கூட்டிக் கேட்டார்கள். லியொனார்தோ இருந்தார், போத்திச்செல்லி இருந்தார். முதலில் பேசியவர் அரசவைக் கட்டியக்காரர். அவர் சொன்னது பதிவில் இருக்கிறது: ஒரு பெண் ஆணைக் கொல்வது நமக்கு அழகல்ல, கெட்ட நேரத்தில் வைக்கப்பட்ட சிலை அது, அவளை வைத்த நாளிலிருந்து எல்லாம் சரிவுதான், பைசா நகரத்தையும் இழந்தோம்.

மருமகள் காலடி எடுத்து வைத்த நேரம்! நம் ஊர்க் கிழவிகள் மட்டும்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். மறுமலர்ச்சியின் தலைநகரத்தில், அத்தனை மேதைகள் கூடிய சபையில், போர்த் தோல்விக்கு ஒரு வெண்கலப் பெண்ணின் ராசி காரணமாயிற்று. அவளை நகர்த்தினார்கள். அந்த இடத்தில் பதினேழு அடி உயர ஆண்மகன் வந்து நின்றான். அந்தத் தாவீதின் நகல் முன்னால் குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்தோம். எடுத்தவள் நான்.

மதியம் பேராலயம். 463 படிகள், லிஃப்ட் கிடையாது, பெரிய பைக்கும் அனுமதி கிடையாது. விவாதமே நடக்கவில்லை. அத்தைக்கு முழங்கால், சின்னவளுக்குக் களைப்பு. ஐந்து பேருக்கு இரண்டே சீட்டுதான் எடுக்கப்பட்டிருந்தது என்பதே எனக்கு அங்கே வைத்துத்தான் தெரிந்தது. இணையரும் மகனும் ஏறப் போனார்கள். பெண்கள் மூன்று தலைமுறையும் பையும் கீழே.

வெயிலில் நிற்க முடியாமல் மெதுவாக நடந்து அன்னுன்சியாத்தா சதுக்கத்துக்குப் போனோம். அகலமான படிகள், நீண்ட தூண் வரிசை. மேலே நீல வட்டங்களில் துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள். அத்தை படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்டார்:

"என்ன கண்ணு இது, பிரசவ ஆஸ்பத்திரியா?"

இல்லை, அனாதைக் குழந்தைகள் இல்லம் என்றேன். படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். 1419-இல் பட்டு வணிகர் சங்கத்தின் காசில் ப்ரூனலெஸ்கி கட்டத் தொடங்கியது. அதே ப்ரூனலெஸ்கிதான் இவர்கள் இப்போது ஏறிக்கொண்டிருக்கிற கோபுரத்தைக் கட்டியவரும். 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்தது. பெண். ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். அடுத்தடுத்து வந்தவற்றிலும் பெண்களே அதிகம். பிற்காலத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடலாம், யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 1875-இல்தான் அதை மூடினார்கள். பாதியாக உடைத்த பதக்கங்கள், நாணயங்களைக் குழந்தையோடு விட்டுச் சென்ற தாய்மார்கள் உண்டு. மறுபாதி தாயிடம் இருக்கும், எப்போதாவது வந்து அழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். அந்தப் பாதிகள் உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகளில் இருக்கின்றன.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கூர்லயும் தொட்டில் வெச்சாங்கல்ல" என்றார்.

அத்தை சேலம் மாவட்டத்துக்காரர். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் வந்த மாவட்டம். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்றது அரசு.

"எங்க தெருவுல ஒருத்தி மூணாவதும் பொட்டப்புள்ளன்னு கொண்டு போய்ப் போட்டா. போட்டுட்டு வந்து அடுத்த நாளே களையெடுக்கப் போனா. அவ மறுபாதி எதையும் வெச்சுக்கல. வெச்சுக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் பேச நேரம் வந்ததும், நான் கேட்க நேரம் வந்ததும், ஆண்கள் கோபுரம் ஏறிய அந்த முக்கால் மணி நேரத்தில்தான். எதிரே ஓர் இத்தாலியப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிழலில் நிறுத்தினாள் ஒரு பெண், முகத்தைப் பார்த்தால் வேறு நாட்டுக்காரி. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இப்படிப்பட்ட பெண்களை அங்கே 'பதாந்தே' என்கிறார்கள். அக்கறையாகக் கவனிப்பவள் என்று பொருள். பெரும்பாலோர் தங்கள் அம்மாவையும் பிள்ளைகளையும் வேறொரு பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். அவள் எங்களைப் பார்த்தாள், எங்கள் பையைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள்.

ஏன் பெண் குழந்தைகளே அதிகம் என்று அத்தை கேட்கவில்லை. அவருக்குப் பதில் தெரியும். வறுமை ஒரு காரணம், வரதட்சணை இன்னொன்று. அந்த ஊர் 1425-இல் வரதட்சணைக்கென்றே ஓர் அரசு நிதியம் தொடங்கியது. பெண் சிறுமியாக இருக்கும்போது அப்பா ஒரு தொகை போடுவார், பல வருடம் கழித்து வட்டியோடு அது மாப்பிள்ளைக்குப் போகும், கல்யாணம் நடந்து 'சாந்தி முகூர்த்தமும்' முடிந்த பிறகு. நடுவில் அந்தப் பணத்தை அரசு தன் போர்க் கடனுக்குத் திருப்பிக்கொள்ளும். மறுமலர்ச்சி, மறுமலர்ச்சி என்று எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார், இந்த நிதியம் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. வரதட்சணை கட்டுப்படியாகாத மகள்களை அப்பாக்கள் கன்னியர் மடத்தில் விட்டார்கள். அங்கேயும் பணம் கட்ட வேண்டும், ஆனால் மாப்பிள்ளையைவிட மலிவு.

அப்படிப் பதினான்கு வயதில் மடத்துக்குப் போனவள் ப்ளவுத்தில்லா நெல்லி. 1524-இல் பிறந்தவள். ஓவியம் தானாகக் கற்றுக்கொண்டவள். ஆண் உடலைப் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்குக் கிடையாது. அவள் காலத்துக் கலைஞர்களின் வரலாறு எழுதிய வஸாரி, ஆண்களைப் போலப் படிக்க வாய்த்திருந்தால் இவள் அற்புதங்கள் செய்திருப்பாள் என்று எழுதினார். வாய்க்கவிடாமல் செய்தது யார் என்று எழுதவில்லை. அவள் தன் மடத்துச் சாப்பாட்டு அறைக்காக ஏழு மீட்டர் நீளத்தில் இயேசுவின் கடைசி இரவு உணவை வரைந்தாள். பல நூற்றாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் இருந்த அந்தப் படம், பெண் ஓவியர்களின் படைப்புகளைத் தேடி மீட்பதற்கென்றே பெண்கள் நடத்திய ஓர் அமைப்பின் முயற்சியில் செப்பனிடப்பட்டு 2019-இல் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டது.

ரயில் நிலையத்தின் பெயரும் சாந்தா மரியா நொவெல்லாதான், ஏனென்றால் அந்தத் தேவாலயத்துக்கு எதிரில்தான் நிலையம். காலையில் ரயிலிலிருந்து இறங்கி அவளைத் தாண்டித்தான் நடந்தோம். மாலையில் அவளைத் தாண்டித்தான் திரும்பப் போகிறோம். வரைபடத்தில் வைத்த புள்ளிகளில் அவள் இல்லை. என் தவறும் உண்டு. புள்ளி வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இதையும் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. டயம் இருந்தால் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு வேண்டியதை எல்லாம் டயம் இருந்தால் என்ற பெட்டியில் போட்டு வைப்பது யார் கற்றுக்கொடுத்த பழக்கம்?

சொல்லப்போனால் இந்த நகரத்துக்கு வரும் எல்லோரும் ஒரு பெண்ணுக்குக் கடன்பட்டவர்கள். மெதிச்சி, மெதிச்சி என்று ஆண்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போகிறார்களே, அந்த வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா. பெண் என்பதால் ஆட்சி அவளுக்கு வரவில்லை, வேற்றுக் குடும்பத்துக்குப் போனது. 1737-இல் அவள் அந்தக் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தாள்: இந்த ஓவியங்கள், சிலைகள், நகைகள், நூல்கள் எதுவும் ஃப்ளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது, இவை ஊருக்கு அணியாக, மக்களுக்குப் பயனாக, வெளிநாட்டவரை ஈர்ப்பதற்காக இங்கேயே இருக்க வேண்டும். சிம்மாசனம் கிடைக்காதவள், சொத்தைக் காப்பாற்றி ஊருக்கு எழுதி வைத்தாள். அந்த 'வெளிநாட்டவர்' பட்டியலில்தான் நானும் வருகிறேன், எலுமிச்சை சாதத்தோடு.

கோபுரத்திலிருந்து இறங்கி வந்தார்கள். இருவர் முகமும் சிவந்து, சந்தோஷமாக இருந்தது. மகன் மூச்சுவிடாமல் சொன்னான்: மேலே இருந்து முழு ஊரும் தெரியுது, எல்லாக் கூரையும் சிவப்பு. இணையர் கைபேசியைக் காட்டினார், அன்றைக்கு இருபத்தோராயிரம் அடி நடந்திருந்தார். என் கைபேசி சின்னவளிடம் கார்ட்டூன் ஓட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்தைத் தவிர மற்ற தூரம் எல்லாம் நானும் நடந்ததுதான், ஆனால் என் அடிகள் ஒரு குழந்தையின் மடியில் உட்கார்ந்திருந்தன.

ரயில் நிலையம் நோக்கி நடந்தோம். ஐஸ்கிரீம் வாங்கலாம் என்றான் மகன். தேவாலயத்தின் பச்சையும் வெள்ளையுமான முகப்பு தெரிந்தது. ரயிலுக்கு ஐம்பது நிமிடம்.

"இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க," என்றேன்.

வாங்கித் தோளில் மாட்டினார். எடை அவர் முகத்தில் தெரிந்தது. "என்ன இவ்ளோ கனம்?"

"நான் உள்ளே போய்ட்டு வரேன். அரை மணி நேரம்."

"இப்பவா? அம்மா டயர்டா இருக்காங்க. நாளைக்கு மிலான்ல அந்த லியொனார்தோ படமே இருக்கே, அதுவும் கடைசி விருந்துதானே?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அத்தை சொன்னார். "நான் டயர்டுன்னு உன்கிட்ட சொன்னனா? நீ போ கண்ணு. நாங்க பாத்துக்கறோம்."

ஓடினேன். கடைசி நுழைவுக்குச் சில நிமிடங்களே இருந்தன.

பழைய உணவுக்கூடம். எனக்குத் தவிர வேறு இரண்டு பேர்தான். வீனஸுக்கு இருந்த கூட்டம் இங்கே இல்லை. சுவரை நிறைத்த மேசை. பதின்மூன்று ஆண்கள், அவர்கள் உடல்களில் கொஞ்சம் விறைப்பு உண்டு, கற்றுக்கொடுக்கப்படாத கையின் விறைப்பு. ஆனால் மேசை! இஸ்திரி மடிப்பு தெரியும் விரிப்பு. ஆட்டுக்குட்டி, ரொட்டி, கீரை, மொச்சை, உப்புக் கிண்ணம், கத்தி, ஒயின். யார் முன்னால் என்ன வைக்க வேண்டும், யாருக்கு எது எட்டும் என்று கணக்குப் போட்டு வைத்த மேசை. சாப்பிடுகிறவன் வரையும் மேசை இப்படி இருக்காது. பரிமாறுகிறவளின் மண்டைக்குள் ஓடும் அந்தக் கணக்கை அவள் ஏழு மீட்டருக்கு விரித்து வைத்திருந்தாள். மேல் மூலையில் பெயரை எழுதி, வரைந்த பெண்ணுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று லத்தீனில் எழுதியிருக்கிறாள். ஓவியன் என்ற சொல்லைப் பெண்பாலில் எழுதியிருக்கிறாள்.

கைபேசி அதிர்ந்தது. சின்னவளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"பாப்பா சட்டை பூரா ஐஸ்கிரீம். மாத்துத் துணி எங்க இருக்கு?"

"பைக்குள்ளதான்."

"பைக்குள்ள எங்க?"

இடது பக்கச் சின்ன ஜிப்பில், நீலக் கவருக்குள் என்று வாய்வரை வந்தது. எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"எல்லாத்தையும் திறந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.